நீரோடு போகும் பாதை
தென் பிரான்ஸின் கால்வாய்க் கரையில் ஒரு சைக்கிள் பயணம்



காலைச் சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, ஒரு கோப்பைத் தேநீரோடு இந்தப் பக்கத்தைப் புரட்டுகின்ற உங்களை இம்மாதம் தூர தேசமொன்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். விமானமும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். ஒரு துவிச்சக்கர வண்டி போதும். பிரான்ஸின் தெற்கிலே, துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை, ஒரு கால்வாயின் கரையோடு ஒட்டிச் செல்லும் பாதையில் நாம் போகப் போகின்றோம். மொத்தத் தூரம் சுமார் 240 கிலோமீற்றர்.

'கனால் து மிதி' என்பது அக்கால்வாயின் பெயர். பிரெஞ்சு மொழியில் 'மிதி' என்றால் நண்பகல். தெற்குத் திசைக்கும் அதுவே பெயர். ஆகவே இதனைத் தெற்குக் கால்வாய் எனலாம். 1666ஆம் ஆண்டு இதற்கான அரச கட்டளை பிறந்தது. 1681ஆம் ஆண்டு படகுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 1996இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது.

கால்வாயின் ஓரத்திலே எதற்காக ஒரு பாதை? அன்று படகுகளுக்கு இயந்திரம் கிடையாது. கரையிலே நடந்த குதிரைகளே கயிற்றால் படகுகளை இழுத்துச் சென்றன. அக்குதிரைகளுக்காகப் போடப்பட்ட பாதைதான் இது. குதிரை இழுக்க வேண்டுமென்பதற்காகவே ஏற்ற இறக்கமின்றி அமைத்தார்கள். குதிரைகள் போய், இயந்திரப் படகுகள் வந்தன. பின்னர் ரயிலும் லொறியும் சரக்குகளை எடுத்துக்கொண்டன. குதிரை நடந்த பாதை சைக்கிள்காரருக்கு மிஞ்சியது. சமதரையாக இருப்பதால் பிள்ளைகளும் வயதானவர்களும் கூட இதில் மிதிக்கலாம்.

ஒரு தகப்பனின் கனவும் மகள்மாரின் சீதனமும்

பாதையில் இறங்குமுன் இதைக் கட்டிய மனிதரைப் பற்றி அறிந்துகொள்வோம். அவர் பெயர் பியேர் போல் ரிக்கே. பெசியே நகரில் பிறந்தவர். அவர் பொறியியலாளர் அல்லர். மன்னருக்காக உப்பு வரி அறவிடும் குத்தகைக்காரர். அத்தொழிலில் பெரும் செல்வம் சேர்த்தார்.

அக்காலத்தில் பிரான்ஸின் மேற்குக் கரையிலிருந்து தெற்குக் கரைக்குச் சரக்கு அனுப்ப வேண்டுமானால், கப்பல் ஸ்பெயினைச் சுற்றி ஜிப்ரால்டர் நீரிணை வழியாக வர வேண்டும். சுமார் 3,000 கிலோமீற்றர் சுற்று. வழியில் புயல், கடற்கொள்ளையர், பகை நாட்டின் வரி. நாட்டின் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டினால் இத்தனை தொல்லையும் தீரும் என்று மன்னர்கள் நெடுங்காலமாகவே எண்ணினார்கள். ஆனால் ஒருவராலும் விடை காண முடியாத கேள்வி ஒன்று இருந்தது. நடுவிலே நிலம் மேடாக இருக்கிறது. மேட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

ரிக்கே அதற்கு விடை கண்டார். துலூஸுக்குக் கிழக்கே நோரூஸ் என்ற இடம்தான் அந்த மேட்டின் உச்சி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 190 மீற்றர் உயரம். அங்கே விழும் நீரின் ஒரு பாதி அத்திலாந்திக் பக்கமும் மறுபாதி மத்தியதரைக் கடல் பக்கமும் ஓடும். வடக்கேயுள்ள கறுப்பு மலை என்ற மலைத்தொடரின் அருவிகளை ஒன்றுசேர்த்து, சிறு வாய்க்கால்கள் மூலம் நோரூஸ் வரை கொண்டுவந்துவிட்டால், அங்கிருந்து இரு பக்கமும் தண்ணீர் தானாக இறங்கும். கோடையில் அருவி வற்றினால்? அதற்காக சென் ஃபெரியோல் என்ற இடத்தில் 1667 முதல் 1672 வரை பெரிய அணை ஒன்று கட்டப்பட்டது. அந்நாளில் ஐரோப்பாவிலிருந்த மிகப் பெரிய அணைகளில் அதுவும் ஒன்று. குளம் கட்டி நீர் தேக்கி, வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுசெல்லும் நாட்டிலே பிறந்த நமக்கு இந்த யோசனை இலகுவில் விளங்கும். ஆனால் அன்றைய பிரான்ஸில் படித்த பலர் இதனை நம்ப மறுத்தார்கள்.

பதினான்காம் லூயி மன்னரும் அவரது நிதி மந்திரி கொல்பேரும் அனுமதி தந்தார்கள். ஆனால் பணம் போதியளவு வரவில்லை. ரிக்கே தன் சொந்தப் பணத்தைப் போட்டார். அது தீர்ந்ததும் கடன் வாங்கினார். கடைசியில் தன் மகள்மாருக்கென்று வைத்திருந்த சீதனப் பணத்தையும் கால்வாயிலே கொட்டினார் என்று சொல்லப்படுகிறது.

வாசகிகளே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். வரலாறு ரிக்கேயைத் தியாகி என்று போற்றுகிறது. அந்த மகள்மாரிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? நம் வீடுகளிலும் மகளின் பெயரில் சேர்த்த காசு, அவளுக்குத் தெரியாமலே வாப்பாவின் கடையிலோ தம்பியின் வெளிநாட்டுப் பயணத்திலோ போய்ச் சேர்வதுண்டு. நன்மைக்காகவே செய்திருக்கலாம். ஆனாலும் கேட்டுச் செய்வது வேறு, கேளாமற் செய்வது வேறு.

ரிக்கே 1680 ஒக்டோபரில் காலமானார். கால்வாய் திறப்பதற்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. அவர் விட்டுச் சென்ற கடன் இருபது இலட்சம் லீவருக்கும் மேல். லீவர் என்பது அந்நாளைய பிரெஞ்சுப் பணம். பிள்ளைகள் அக்கடனைத் தீர்த்து இலாபம் காண்பதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

புறப்படுவதற்கு முன்

சரி, இனி சைக்கிளைப் பார்ப்போம். துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோமீற்றர் வரை பாதை தார் போட்டு வழுவழுப்பாக இருக்கும். அதன் பிறகு அப்படியல்ல. மண்ணும் சரளையும் கலந்த ஒற்றையடிப் பாதை. மரங்களின் வேர்கள் குறுக்கே புடைத்து நிற்கும். மழை பெய்தால் சேறு. ஆகவே மெல்லிய ரயர் கொண்ட ஓட்டப் பந்தயச் சைக்கிள் இதற்கு உதவாது. தடித்த, பல் வைத்த ரயர் கொண்ட மலைச் சைக்கிளே நல்லது. மேலதிகமாக ஒரு ரியூப், காற்றடிக்கும் பம், பஞ்சர் ஒட்டும் சாமான்கள் ஆகியவை பையில் இருக்க வேண்டும்.

அபாயாவோ நீண்ட உடையோ அணிந்து மிதிப்பவர்கள் சங்கிலிக்கு மூடி உள்ள வண்டியையும், பின்சில்லுக்கு வலை போட்ட வண்டியையும் தெரிவு செய்தல் வேண்டும். உடையின் ஓரத்தை ஒரு பட்டியால் கணுக்காலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது பாதுகாப்பு. இது பிரான்ஸுக்கு மட்டுமல்ல, நம் ஊர் ஒழுங்கைக்கும் பொருந்தும்.

எக்காலத்தில் போவது? ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெயில் கொளுத்தும். மே, ஜூன், செப்டம்பர் மாதங்களே உகந்தவை. எத்திசையில் போவது? துலூஸிலிருந்து கடலை நோக்கியே போங்கள். அப்பிரதேசத்தில் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் 'செர்ஸ்' என்ற பலமான காற்று அடிக்கடி வீசும். அது முதுகுப் பக்கமிருந்து தள்ளினால் பயணம் இலேசு. எதிரே வந்தால் சமதரையும் மலையாகிவிடும்.

கடலை நோக்கிப் போவதில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. தென் பிரான்ஸிலிருந்து கிப்லா ஏறக்குறையக் கிழக்கும் தென்கிழக்கும் சேரும் திசை. கால்வாயும் வளைந்து நெளிந்து பெரும்பாலும் அப்பக்கமே போகிறது. தொழுகைக்காகப் புல்தரையில் விரிப்பை விரிக்கும்போது, போகும் வழியே ஓரளவு திசை காட்டும். காலை வெயிலைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

ஒரு நாளைக்கு முப்பது கிலோமீற்றர் என்று வைத்தால் எட்டு நாளில் கடலை அடையலாம். களைத்துவிட்டால் வழியிலுள்ள பல நகரங்களில் ரயில் நிலையம் உண்டு. உள்ளூர் ரயில்களில் சைக்கிளையும் ஏற்றலாம்.

பழைய கோட்டையும் ஒரு கதையும்

துலூஸைத் தாண்டினால் இரு மருங்கும் கோதுமை, சூரியகாந்தி வயல்கள். நோரூஸ் மேட்டைக் கடந்து காஸ்தல்நொதரி என்ற நகரை அடைகிறோம். இங்கே கால்வாய் ஏரியைப் போல் விரிந்து நிற்கிறது. இவ்வூரின் புகழ்பெற்ற உணவு 'கசூலே' எனப்படும் வெள்ளை அவரைக் கறி. மண் சட்டியில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். கேட்க ருசியாக இருந்தாலும் அதிலே பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம். நமக்கு ஆகாது. பாண், ஆட்டுப்பால் சீஸ், ஒலிவ் காய், அத்திப்பழம், திராட்சை ஆகியன சந்தைகளில் தாராளமாகக் கிடைப்பதால் பசியோடு இருக்க வேண்டியதில்லை. துலூஸ் போன்ற பெரிய நகரங்களில் ஹலால் இறைச்சிக் கடைகளும் உண்டு.

துலூஸிலிருந்து நூறு கிலோமீற்றரைச் சற்றுக் கடந்ததும் கர்கசோன் நகர். குன்றின் மேல் இரட்டை மதிலும் கூரிய கோபுரங்களுமாய் நிற்கும் அதன் கோட்டை சிறுவர் கதைப் புத்தகத்தில் வருவது போலிருக்கும். பாழடைந்து கிடந்த அதனை 1853 முதல் வியொலே லெ துக் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்தார்.

கோட்டை வாசலில் ஒரு பெண்ணின் கற்சிலை உண்டு. கார்க்காஸ் சீமாட்டி என்பது அவள் பெயர். அவள் முஸ்லிம் அரசனொருவனின் விதவையாம். சார்லமேன் மன்னன் கோட்டையை ஐந்து வருடம் முற்றுகையிட்டானாம். உள்ளே உணவு தீர்ந்து போக, மிஞ்சிய கோதுமையை ஒரு பன்றிக்கு ஊட்டி, அதை மதிலுக்கு வெளியே வீசச் சொன்னாளாம் அவள். பன்றியின் வயிற்றில் கோதுமை நிறைந்திருப்பதைக் கண்ட எதிரி, 'உள்ளே மிருகத்துக்குப் போடுமளவுக்குத் தானியம் இருக்கிறதே' என்று மலைத்து முற்றுகையைக் கைவிட்டானாம். வெற்றியை அறிவிக்க அவள் மணிகளை ஒலிக்கச் செய்தாளாம். 'கார்க்காஸ் சொன்' என்றால் 'கார்க்காஸ் மணி அடிக்கிறாள்' என்று பொருள். அதுவே ஊரின் பெயராயிற்றாம்.

கேட்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வரும். முஸ்லிம்களின் கோட்டைக்குள் பன்றி எப்படி வந்தது? இக்கதையைக் கட்டியவர்களுக்கு முஸ்லிம் வீடு எப்படியிருக்கும் என்று தெரியாது என்பது இதிலிருந்தே விளங்குகிறது. மேலும் 'கர்கசோ' என்ற பெயர் உரோமர் காலத்திலேயே வழங்கியது. சார்லமேன் 768இல்தான் மன்னனானான். அதற்கு முன்பே, 759ஆம் ஆண்டளவில், முஸ்லிம்களின் ஆட்சி அப்பிரதேசத்தில் முடிந்துவிட்டது.

ஆனால் கதை பொய்யானாலும் அதன் பின்னே ஒரு மெய் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்த முஸ்லிம்கள் 719ஆம் ஆண்டளவில் நார்போன் நகரையும், 725இல் கர்கசோனையும் கைப்பற்றினார்கள். சுமார் நாற்பது ஆண்டுகள் நார்போன் அவர்களுடைய தலைநகராக இருந்தது. இதே பிரதேசத்துக்குச் சற்றுக் கிழக்கேயுள்ள நீம் நகரில் மண்ணைத் தோண்டியபோது, கிப்லாவை நோக்கி அடக்கப்பட்ட மூன்று ஜனாஸாக்கள் வெளிப்பட்டன. அவை எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றும், தந்தை வழியில் வட ஆபிரிக்கத் தொடர்புடையவை என்றும் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். அக்கம்பக்கத்தில் வேற்று மதத்தவரின் அடக்கங்களும் இருந்தன. வாளோடு வந்தவர்கள் என்று மட்டுமே சரித்திரம் எழுதி வைத்தவர்களும் அந்த மண்ணிலே அண்டை அயலாரோடு வாழ்ந்து, அங்கேயே அடங்கியிருக்கிறார்கள்.

விழுகின்ற மரங்கள்

கர்கசோனைத் தாண்டியதும் மனத்தை வருத்தும் காட்சி ஒன்று காத்திருக்கிறது.

இக்கால்வாயின் புகழ்பெற்ற படங்களைப் பார்த்தால், இரு கரையிலும் பிரமாண்டமான பிளேன் மரங்கள் கைகோத்துப் பச்சைப் பந்தல் போட்டிருப்பதைக் காணலாம். ஆரம்பத்தில் பட்டுப்புழுவுக்காக முசுக்கட்டை மரங்களை நட்டார்கள். பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிளேன் மரங்கள் வந்தன. 42,000 மரங்கள் இருந்தன. அவற்றின் வேர் கரையை இறுக்கிப் பிடித்தது. நிழல் தண்ணீர் ஆவியாவதைக் குறைத்தது. இழுக்கும் குதிரைக்கும் ஓட்டும் மனிதனுக்கும் இளைப்பாறல் தந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் படைகள் ஆயுதங்களை மரப் பெட்டிகளில் அடைத்துத் தென் பிரான்ஸில் இறக்கின. அப்பலகைகளோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணமும் வந்து இறங்கியதாகக் கருதப்படுகிறது. அது பிளேன் மரத்தின் நீர்க் குழாய்களை அடைத்து, சில வருடங்களில் மரத்தைக் கொன்றுவிடும். மார்செய் பக்கமிருந்து மெல்ல மெல்லப் பரவிய நோய், 2006ஆம் ஆண்டு கர்கசோனுக்கு அருகே கால்வாய்க் கரையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு மரத்தின் வேர் மற்ற மரத்தின் வேரைத் தொடுவதால் பரவியது. கால்வாய்த் தண்ணீரே அதைச் சுமந்து சென்றது. மரத்தில் கட்டிய படகுக் கயிறும், கிளை வெட்டும் கத்தியும் கூட அதற்கு வாகனமாயின.

நோயுற்ற மரத்துக்கு மருந்து இல்லை. அதை வெட்டி, அதே இடத்தில் எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதுவரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வீழ்ந்துவிட்டன. நிழலில் போய்க்கொண்டிருந்த சைக்கிள் திடீரென்று வெட்டவெளியில் இறங்கும். அங்கே இடுப்பளவு, தலையளவு உயரத்தில் கம்பு கட்டிய கன்றுகள் வரிசையாக நிற்கும். இம்முறை ஒரே இனத்தை நடவில்லை. ஓக் வகையொன்றை முக்கியமாக வைத்து, இடையிடையே வேறு பல இனங்களையும் கலந்து நடுகிறார்கள். ஒரே இனமாக நட்டதால்தான் ஒரே நோய் எல்லாவற்றையும் அழித்தது என்ற பாடத்தைக் கசப்போடு கற்றுக்கொண்டார்கள்.

இன்று கன்று நடுகின்றவர் அதன் முழு நிழலையும் காணப்போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் நடுகிறார்.

திராட்சைத் தோட்டங்களின் நடுவே

இப்போது இரு மருங்கும் திராட்சைத் தோட்டங்கள். முழங்காலளவுக்கும் இடுப்பளவுக்கும் வளர்ந்த கொடிகள் குன்றுகளின் மேல் ஏறி இறங்கிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செல்கின்றன. இவற்றில் மிகப் பெரும்பகுதி மது வகைக்கே போகிறது. அதனோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அத்தோட்டங்களில் பாடுபடும் குடும்பங்களின் கதையைக் கேட்பதில் தவறில்லை.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சியொன்று பிரான்ஸின் தெற்கில் திராட்சை வேர்களைத் தின்னத் தொடங்கியது. 1868இல் மொன்பெலியே நகரின் தாவரவியலாளர் பிளான்ஷோன் முதலானோர் அதை இனங்கண்டார்கள். தோட்டம் தோட்டமாக அழிந்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப் போட்டே மீண்டார்கள். வியப்பு என்னவென்றால், ஏறக்குறைய அதே காலத்தில், 1869இல், நம் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் துரு நோய் தோன்றியது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. உங்கள் கையிலிருக்கும் தேநீர்க் கோப்பைக்குப் பின்னாலும் ஓர் அழிவின் கதை இருக்கிறது.

மீண்ட பின்பும் அவர்கள் பாடு தீரவில்லை. விளைச்சல் அளவுக்கு மிஞ்சியது. வியாபாரிகள் சீனியும் தண்ணீரும் கலந்து போலிச் சரக்கு விற்றார்கள். விலை விழுந்தது. கூலிக்காரன் வீட்டில் அடுப்பெரியவில்லை. கால்வாய்க் கரையிலுள்ள அர்ஜெலியே என்ற சிற்றூரில் கோப்பிக் கடை வைத்திருந்த மார்ஸலின் அல்பேர் என்பவர், 1907 மார்ச் மாதம் எண்பத்தேழு பேரோடு நார்போனுக்கு நடந்து போனார். ஜூன் 9ஆம் திகதி மொன்பெலியேயில் கூடியவர்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல். ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். அரசு படையை அனுப்பியது. நார்போனில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதைக் கேள்வியுற்ற பதினேழாம் காலாட்படைச் சிப்பாய்கள், பெரும்பாலும் அவ்வூர்த் தாய்மாரின் பிள்ளைகள், கட்டளையை மீறித் துப்பாக்கிகளோடு பெசியே நகருக்கு நடந்தார்கள். மக்கள் பக்கமே நின்றார்கள். அம்மாத இறுதியிலேயே கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது.

அல்பேருக்கு என்ன நடந்தது? பிரதமர் கிளெமான்ஸோவைத் தனியே சந்திக்கப் பாரிஸ் போனார். ஊர் திரும்பும் ரயில் செலவுக்கென்று பிரதமர் நூறு பிராங்க் கொடுத்தார். அதை அவர் வாங்கிக்கொண்ட செய்தி பத்திரிகைகளில் வந்ததும், நேற்று வரை தோளில் தூக்கியவர்கள் 'விலை போனவன்' என்று தூற்றினார்கள். நூறு பிராங்க் ஒரு மனிதனின் பெயரைக் கெடுக்கப் போதுமானதாயிற்று.

இன்று அப்பகுதியில் பல தோட்டங்கள் பிடுங்கப்படுகின்றன. 2025 ஓகஸ்டில் இதே மாவட்டத்தின் கோர்பியேர் குன்றுகளில் பெருந்தீ பரவி, சுமார் 16,000 ஹெக்டேயர் நிலத்தை எரித்தது. ஒரு பெண் வீட்டிலேயே உயிரிழந்தார். பச்சைத் திராட்சைக் கொடி தீயைத் தடுக்கும் வேலி போன்றது, அவை பிடுங்கப்பட்டு நிலம் தரிசானதால் தீ இலகுவாக ஓடியது என்று அங்குள்ளோர் கூறினார்கள்.

படகுப் பயணிகள் அன்று இரவு தங்கிய லெ சொமாய் என்ற அழகிய கிராமம் இவ்வழியிலேதான் இருக்கிறது. கழுதை முதுகு போல வளைந்த கற்பாலம், பழைய விடுதி, பழைய புத்தகக் கடை எல்லாம் அங்கே உண்டு. இப்பகுதியில் கால்வாய் 54 கிலோமீற்றர் தூரம் ஒரு மதகுமின்றி ஒரே மட்டத்தில் ஓடுகிறது. குன்றைச் சுற்றிச் சுற்றி வளைவதால், பக்கத்துக் கிராமத்தின் கோபுரம் கண்ணில் பட்டாலும் போய்ச் சேர நேரமெடுக்கும். அவசரக்காரருக்கு ஏற்ற பாதையல்ல இது.

மண் சுமந்த பெண்கள்

பெசியே நகருக்குச் சற்று முன்பாக மல்பாஸ் என்ற இடத்தில் ஒரு குன்று கால்வாயை மறிக்கிறது. மணற்பாறை இடிந்து விழும் என்று பயந்து வேலையை நிறுத்துமாறு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ரிக்கே ஓசைப்படாமல் எட்டு நாட்களுக்குள் சுரங்கத்தைத் துளைத்துக் காட்டினார் என்று சொல்வார்கள். சுமார் 160 மீற்றர் நீளமான அதுவே ஐரோப்பாவில் படகு போவதற்காகக் குடையப்பட்ட முதற் கால்வாய்ச் சுரங்கம். இன்றும் படகுகள் அதனூடே செல்கின்றன.

அதைக் கடந்தால் ஃபொன்செரான். இங்கே சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டு இறங்கி நின்று பாருங்கள். குன்றின் சரிவில் எட்டு மதகுத் தொட்டிகள், ஒன்றின் கீழ் ஒன்றாய், படிக்கட்டுப் போல அமைந்துள்ளன. தொட்டிக்குள் படகு வந்ததும் கதவை மூடி நீரை இறக்குவார்கள். படகும் தாழும். அடுத்த கதவு திறக்கும். இப்படியே சுமார் 21 மீற்றர் உயரம் படகு இறங்கும் அல்லது ஏறும். தொட்டிகள் சதுரமாயன்றி முட்டை வடிவில் இருப்பதைக் கவனியுங்கள். முதலில் கட்டிய நேரான சுவர் மண்ணின் அழுத்தம் தாங்காமல் இடிந்ததால், வளைந்த சுவர் கட்டக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த அற்புதத்தைக் கட்டும் பொறுப்பை ஏற்றவர்கள் எழுத வாசிக்கத் தெரியாத இரு சகோதரர்கள். அவர்களிடம் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

ஆம், பெண்கள். கால்வாய் வேலையில் உச்ச காலத்தில் சுமார் 12,000 பேர் ஈடுபட்டார்கள். அவர்களில் பெண்களும் பலர். கூடையில் மண் சுமந்தார்கள். ரிக்கே தொழிலாளருக்கு மாதம் பத்து லீவர் கொடுத்தார். மழை நாளுக்கும், விடுமுறை நாளுக்கும், நோயுற்ற நாளுக்கும் கூலி உண்டு. அக்காலத்தில் கேள்விப்படாத நீதி இது. ஆனால் கணக்கெழுதும்போது மூன்று பெண்களை இரண்டு ஆண்களுக்குச் சமமாக எழுதினார்கள்.

அப்பெண்கள் வெறும் சுமை தூக்கிகள் அல்லர் என்று சமூகவியலாளர் சந்திரா முகர்ஜி 2009இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டுகிறார். பிரனீஸ் மலைக் கிராமங்களிலே ஊற்று நீரைக் குளியலுக்கும் துணி துவைக்கவும் வயலுக்கும் வாய்க்கால் வழியே கொண்டுவருவது பெண்களின் அன்றாட வேலை. எவ்வளவு சரிவு விட்டால் நீர் கரையை அரிக்காமல் ஓடும், எங்கே கசியும், எதை வைத்து அடைப்பது என்பது தாயிடமிருந்து மகளுக்கு வந்த அறிவு. புத்தகம் படித்த பொறியியலாளர்கள் தடுமாறிய இடத்தில் அந்த அறிவு கைகொடுத்தது என்பது அவர் கருத்து.

பெசியே நகரின் நடுவே ரிக்கேக்கு வெண்கலச் சிலை உண்டு, 1838இல் நிறுவினார்கள். மண் சுமந்த பெண்களின் பெயர்களோ மக்கள் நினைவில் இல்லை. ஆனால் மூன்றரை நூற்றாண்டாகத் தண்ணீர் தவறாமல் ஓடுகிறது. அவர்கள் வேலை சரியாக இருந்தது என்பதற்குத் தண்ணீரே சாட்சி.

கடலோரத்தில்

பெசியேயைத் தாண்டி ஆக்த் என்ற பழைய துறைமுக நகரைக் கடந்தால், காற்றில் உப்பு வாசனை வரும். மரங்கள் குறைந்து நாணல் மிகும். தோ என்ற களப்பிலே கால்வாய் முடிகிறது. களப்பில் சிப்பி வளர்க்கும் சட்டங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. செந்நாரைக் கூட்டங்களையும் காணலாம். மன்னார், புத்தளம் பக்கத்துச் சகோதரிகளுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

முடிக்குமுன் இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1894இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து அனி லண்டன்டெரி என்ற புனைபெயரில் ஒரு தாய் உலகைச் சுற்றச் சைக்கிளில் புறப்பட்டாள். மூன்று பிள்ளைகளின் உம்மா அவள். 1895 ஜனவரியில் இதே மத்தியதரைக் கரையின் மார்செய் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கப்பலேறிக் கிழக்கே வந்தாள். அக்கப்பல் நம் கொழும்பிலும் தரித்தது. பெண் சைக்கிள் ஓட்டினால் உடல் கெடும், குணம் கெடும் என்று வைத்தியர்களே எழுதிய காலம் அது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

நம்மில் எத்தனை பேர் சிறுமியாக இருந்தபோது காக்காவின் சைக்கிளில் வளவுக்குள்ளே ஓட்டிப் பழகினோம்! பெரியவளானதும் அந்தச் சைக்கிள் சுவரோடு சாய்ந்தது. நாமும் உள்ளே போனோம். அதை மார்க்கம் சொன்னதா, ஊர் சொன்னதா என்று நாம் கேட்டதில்லை. இன்று மகள் ரியூஷனுக்குப் போக, மருந்து வாங்கி வர, தாய் தன் உடலைப் பேண ஒரு சைக்கிள் எவ்வளவு உதவும் என்பதை வீட்டு ஆண்களோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். உடையைப் பேணி, வீதியைப் பார்த்து ஓட்டினால் யாருக்கும் அதில் நட்டமில்லை.

தென் பிரான்ஸின் அந்தக் கால்வாய்க் கரைக்கு நம்மில் பெரும்பாலோர் போகப் போவதில்லை. ஆனால் மகளின் காசை அவளிடம் கேட்டே எடுக்கலாம். நிழல் தரும் கன்றொன்றைப் பிள்ளைகளைக் கொண்டு முற்றத்தில் நடுவிக்கலாம். உம்மும்மா தண்ணீரையும் மண்ணையும் பற்றிச் சொல்லி வைத்த சேதிகளை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கலாம். இவற்றுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.

தேநீர் ஆறிவிட்டிருக்கும். குடித்துவிட்டு எழும்புங்கள், சகோதரிகளே. சுவரோடு சாய்ந்திருக்கும் அந்தப் பழைய சைக்கிளின் சில்லில் காற்று இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.